மெக்கானிக்கல் படித்தவர் மூளைக்குள் போன வழி

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிற வாரத்தில் சங்கரன்கோவில் பக்கம் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் ஒரே கேள்விதான் காதில் விழும். "அண்ணாச்சி, பையனுக்கு எந்தக் குரூப்பு போட்டிருக்கீய?" பயாலஜி குரூப் என்றால் டாக்டர், நர்சிங், பார்மசி. கம்ப்யூட்டர் குரூப் என்றால் இன்ஜினீயரிங். பதினைந்து வயதில் விண்ணப்பத்தில் போடும் ஒரு டிக் மிச்ச வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்துவிடும் என்று பெற்றோர் நம்புகிறார்கள். ஆசிரியர்களில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். கம்ப்யூட்டர் குரூப் எடுத்த பிள்ளை, "எனக்கு மூளையைப் பத்திப் படிக்கணும்" என்று வாய் திறந்தால், "அதுக்கு நீட் எழுதியிருக்கணும்டே" என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஒருவரை அறிமுகப்படுத்த வேண்டும். பெயர் வெங்கடேஷ் மூர்த்தி. சென்னை ஐஐடியில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங்கில் பி.டெக். முடித்தவர். இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு மற்றும் உயிரணு உயிரியல் துறையின் பேராசிரியர். அங்குள்ள மூளை அறிவியல் மையத்தின் இயக்குநர் பொறுப்பையும் ஏற்றவர். ஒளியைப் பாய்ச்சி நியூரான்களைத் துடிக்கவைக்கும் ஆப்டோஜெனெடிக்ஸ் என்ற நுட்பத்தை வாசனை ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தவர்களில் முன்வரிசைக்காரர்.

அவர் நம்மூர்க்காரர் அல்ல. ஆனாலும் அவர் நடந்துபோன வழி நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அவசியம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு துறைக்குள் நுழைந்துவிட்டால் கடைசிவரை அதற்குள்ளேதான் கிடக்க வேண்டும் என்ற நம் நினைப்பை இவ்வளவு தெளிவாக உடைக்கிற வாழ்க்கை வேறொன்று எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

மின்முனையில் தொடங்கியது

ஐஐடியிலிருந்து அவர் போனது அமெரிக்காவின் சியாட்டில் நகருக்கு. அங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முதலில் பயோ இன்ஜினீயரிங்கில் முதுகலை. பிறகு அதே பல்கலைக்கழகத்தில் எபர்ஹார்டு ஃபெட்ஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் பிஎச்.டி.

ஃபெட்ஸைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவரும் பிறவி உயிரியல்காரர் இல்லை. எம்ஐடியில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1969இல் அவர் செய்த ஒரு சோதனை, நரம்புப் பொறியியல் என்று இன்று அழைக்கப்படும் துறைக்கே அடித்தளம் போட்டது. குரங்கின் மூளையில் தலைமுடியைவிட மெல்லிய மின்முனையை வைத்து, ஒரே ஒரு நியூரானின் துடிப்பைத் தனியாகப் பிரித்துக் கேட்டார். அந்த நியூரான் வேகமாகத் துடித்தால் குரங்குக்குத் தீனி. எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்பதை ஒரு மீட்டரின் முள் குரங்குக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. முள்ளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய குரங்கு, தன் தலைக்குள் இருக்கும் அந்த ஒற்றை நியூரானை வேண்டும்போது துடிக்கவைக்கக் கற்றுக்கொண்டது. கைகால் அசையாதவர்கள் நினைப்பாலேயே கம்ப்யூட்டர் திரையில் எழுத்தடிப்பதாக இப்போது செய்தி வருகிறதே, அதன் மூலம் அந்த மீட்டர் முள்ளில்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட கூடத்தில் மூர்த்திக்குக் கிடைத்த கேள்வி, மூளையின் மின்னலைகளைப் பற்றியது. குரங்குகளின் மூளையில் உடலசைவையும் தொடுவுணர்வையும் பார்த்துக்கொள்ளும் பகுதியில், விநாடிக்கு 25 முதல் 35 முறை ஏறி இறங்கும் அலைகள் அவ்வப்போது தோன்றி மறைவதை அவரும் ஃபெட்ஸும் பதிவு செய்தார்கள். அது எப்போது தோன்றுகிறது என்பதுதான் சுவாரஸ்யம். பழகிய அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அவ்வளவாக இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒளித்துவைத்த உலர்திராட்சையைக் குரங்கு விரலால் துழாவித் தேடும்போது அதிகம் தோன்றியது. கவனத்தைக் கூட்டி விரல்நுனியால் உலகத்தை அறிகிற நேரத்தில், தள்ளித் தள்ளி இருக்கிற நியூரான்கள்கூட ஒரே தாளத்துக்கு வருகின்றன. 1992இல் அந்தக் கட்டுரை வெளியானது.

கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால், ஒரு மெக்கானிக்கல் மாணவருக்கு இது அவ்வளவு அந்நியமான வேலை இல்லை என்று தெரியும். அதிர்வு, அலை, ஒத்திசைவு, இரைச்சலிலிருந்து சமிக்ஞையைப் பிரிப்பது எல்லாம் அவர் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருந்தவைதான். இடம் மாறியது, கணக்கு மாறவில்லை.

கேட்பதிலிருந்து பார்ப்பதற்கு

பிஎச்.டி. முடித்ததும் பலரும் தெரிந்த வேலையையே தொடர்வார்கள். மூர்த்தி கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்துக்குப் போய், குரங்கின் முழு மூளையிலிருந்து ஒரேயடியாக இரண்டு நியூரான்கள் தொட்டுக்கொள்ளும் நுண்ணிய சந்திப்புக்கு இறங்கினார். அங்கே சார்ல்ஸ் ஸ்டீவன்ஸ், டெரன்ஸ் செஜ்னோவ்ஸ்கி ஆகியோருடன் வேலை. ஒரு நியூரான் அடுத்ததற்குத் தகவல் சொல்ல, ரசாயனம் நிரம்பிய குட்டிக் குட்டிப் பைகளை அந்தச் சந்திப்பில் வெளியேற்றும். அந்தப் பைகளில் ஒளிரும் சாயத்தை ஏற்றி, நுண்ணோக்கியின் கீழே ஒவ்வொரு சந்திப்பாக எட்டிப் பார்த்தார்கள். ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்த சந்திப்புகள் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபட்டன. சில எளிதில் தகவலைக் கொட்டிவிடும், சில லேசில் அசையாது.

இந்தக் கட்டத்தில்தான் மின்முனையோடு ஒளியும் அவர் கைக்கு வந்தது. அதுவரை நியூரானைக் கேட்டுக்கொண்டிருந்தவர் பார்க்கத் தொடங்கினார். 1999இல் ஹார்வர்டில் சொந்த ஆய்வுக்கூடம் அமைத்தபோது அந்த ஒளியையும் கூடவே கொண்டுபோனார். அங்கே நாளடைவில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் வாசனை.

வாசனை என்றதும் சிலருக்கு அலட்சியம் வரலாம். கோவிட் வந்துபோன பிறகு நாட்டில் அந்த அலட்சியம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். காபி மணம் தெரியாமல் வாரக்கணக்கில் தவித்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள்.

மூக்கின் உள்ளே, காற்றில் வரும் மூலக்கூறுகளைப் பிடிக்கும் ஏற்பிகள் எலிக்கு ஏறத்தாழ ஆயிரம் வகை உண்டு. ஒரே வகை ஏற்பியைச் சுமக்கும் நரம்புகள் மூக்கில் எங்கெங்கோ சிதறிக் கிடந்தாலும், மூளையின் முன்முனையில் உள்ள வாசனைக் குமிழுக்குள் வந்ததும் தேடிப்பிடித்து ஒரே இடத்தில் கூடிவிடும். அந்தக் கூடுமிடத்துக்கு குளோமெருலஸ் என்று பெயர். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். ஒவ்வொரு குளோமெருலஸிலிருந்தும் கணிசமான எண்ணிக்கையில் மைட்ரல் செல்கள் தகவலை வாங்கிக்கொண்டு மூளைக்குள்ளே போகின்றன. எல்லாமே ஒரே இடத்தில் வாங்குகின்றன என்றால், எல்லாமே ஒரே செய்தியைத்தான் சுமந்துபோகின்றனவா? அப்படியானால் எதற்கு அத்தனை செல்கள்? மூர்த்தியின் கூடம் கேட்டது இதைத்தான். விடை தேட வேண்டுமானால் எந்தெந்த செல்கள் ஒரே குளோமெருலஸின் பிள்ளைகள் என்று முதலில் தெரிய வேண்டும். மின்முனையால் அதைக் கண்டுபிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் கைகொடுத்தது ஒரு குளத்துப் பாசி.

உப்பளமும் பாசியும்

தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளையும் தறுவாயில் பாத்தித் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். கடும் உப்பில் மட்டுமே செழிக்கும் நுண்ணுயிர்கள் அந்த நிறத்துக்கு ஒரு காரணம். அந்த வகை உயிர் ஒன்றில், ஒளி பட்டால் வேலைசெய்யும் ஒரு புரதம் இருப்பதை 1971இல் டீட்டர் ஓஸ்டர்ஹெல்ட், வால்தர் ஸ்டோக்கெனியஸ் இருவரும் வெளியிட்டார்கள். அப்போது யாருக்கும் மூளை நினைப்பில் இல்லை. பல ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியில் பீட்டர் ஹெகெமன், க்ளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பச்சைப் பாசி எப்படி வெளிச்சத்தை நோக்கி நீந்துகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரும் கேயோர்க் நாகெல், எர்ன்ஸ்ட் பம்பெர்க் ஆகியோரும் 2002, 2003இல் விடையைச் சொன்னார்கள். நீல ஒளி பட்ட மாத்திரத்தில் திறந்து, மின்னூட்டம் கொண்ட அயனிகளை உள்ளே விடும் ஒரு புரதம் அந்தப் பாசியில் இருக்கிறது. பெயர் சானல்ரோடாப்சின்.

நியூரான் துடிப்பதும் அதேபோல அயனிகள் உள்ளே பாய்வதால்தான். அப்படியானால் பாசியின் மரபணுவை எடுத்து நியூரானுக்குள் வைத்துவிட்டால்? இந்த யோசனை அந்தக் காலத்தில் பலருக்கும் பல ஊர்களில் வந்தது. ஆஸ்திரியரான கெரோ மீசென்போக் 2002இலேயே ஈக்களின் ஒளிப்புரதங்களைக் கொண்டு நியூரான்களை ஒளியால் இயக்கிக் காட்டியிருந்தார். 2005இல் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்டு பாய்டன், ஃபெங் ஜாங், கார்ல் டைசெராத் ஆகியோர், நாகெலையும் பம்பெர்க்கையும் சேர்த்துக்கொண்டு, பாசிப் புரதம் ஏற்றிய நியூரான்களை நீல ஒளியால் விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு துல்லியத்தில் துடிக்கவைத்த செய்தியை வெளியிட்டார்கள். டெட்ராய்ட்டில் ஜுவோ-ஹுவா பான் அதே புரதத்தைக் குருட்டு எலியின் விழித்திரையில் ஏற்றி, அதன் முடிவை 2006இல் வெளியிட்டார்.

இதில் அதிர்ஷ்டமும் இருந்தது. சானல்ரோடாப்சின் வேலைசெய்ய வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ஒரு மூலக்கூறு துணைக்கு வேண்டும். அதை வெளியிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்று பலர் எண்ணினார்கள். பாலூட்டிகளின் மூளையில் அது போதுமான அளவு ஏற்கெனவே இருந்தது. மரபணுவை ஏற்றினாலே போதும், வெளிச்சம் வேலைசெய்தது.

பாய்டன் எம்ஐடியில் மின்பொறியியலும் இயற்பியலும் படித்தவர். டைசெராத் மனநல மருத்துவர். ஹெகெமனின் படிப்பு வேதியியல். யாரும் தன் குரூப்போடு நின்றிருந்தால் இது நடந்திருக்காது.

சினிமா புரொஜெக்டரின் கண்ணாடி

மூர்த்தியின் கூடத்தில் அடுத்து நடந்ததை எனக்கு மிகவும் பிடித்த சோதனை என்று சொல்வேன். வாசனை நரம்புகளில் எல்லாம் சானல்ரோடாப்சின் ஏறிய எலிகளை எடுத்துக்கொண்டார்கள். மயக்க நிலையில், எலியின் வாசனைக் குமிழுக்கு மேலே ஒளி புகும் சாளரம் வைத்தார்கள். அதன்மேல் ஒளி பாய்ச்ச டிஜிட்டல் புரொஜெக்டரின் சிப்பைப் பயன்படுத்தினார்கள். நம்மூர்த் தியேட்டர்களில் ரீல் பெட்டி போய் டிஜிட்டல் வந்தபோது கூடவே வந்ததே, அந்த வகைச் சிப்தான். லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள் அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சாய்த்து, எந்தப் புள்ளியில் ஒளி விழ வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லலாம்.

குமிழின் மேற்பரப்பைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒளியை மாற்றி மாற்றி அடித்தார்கள். அதே நேரத்தில் கீழே மின்முனைகள் மைட்ரல் செல்களைக் கேட்டுக்கொண்டிருந்தன. எந்தப் புள்ளியில் ஒளி விழுந்தால் எந்த செல் துடிக்கிறது என்று வரைபடம் போட்டார்கள். ஒரே புள்ளிக்குத் துடிக்கும் செல்கள் ஒரே குளோமெருலஸின் உடன்பிறப்புகள். அவற்றைக் கண்டுபிடித்த பிறகு ஒளியை அணைத்துவிட்டு, எலிக்கு நிஜமான வாசனைகளைக் காட்டினார்கள்.

விடை பளிச்சென்று வந்தது. ஒரு வாசனைக்கு உடன்பிறப்புகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவுக்குத்தான் துடிப்பைக் கூட்டுகின்றன அல்லது குறைக்கின்றன. ஆனால் துடிக்கும் நேரம் வேறு. எலி மூச்சை இழுக்கும் அந்த ஒரு சுற்றுக்குள், ஒன்று முன்னால் துடிக்கும், இன்னொன்று பின்னால். ஆக, எவ்வளவு துடிக்கிறது என்பது ஒரு செய்தி, மூச்சின் எந்தக் கணத்தில் துடிக்கிறது என்பது இன்னொரு செய்தி. அத்தனை செல்கள் வீணுக்கு இல்லை.

2010இல் வெளியான அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் முதல் பெயர் ஆஷேஷ் தாவலே. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உபிந்தர் பல்லாவின் மாணவர். பல்லாவின் பெயரும் அதில் உண்டு. புரொஜெக்டர் ஒளியை வடிவமைத்ததில் பெரும்பங்கு தினு அல்பியானுவுக்கு. அவர் மூர்த்தியிடம் பயின்றவர். பெங்களூருக்கும் பாஸ்டனுக்கும் நடுவே ஒரு ஆராய்ச்சி மாணவர் போய்வந்ததில் பிறந்த முடிவு இது என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஹார்வர்டுக்குப் போகும் வழி பெங்களூரிலும் தொடங்கலாம்.

2014இல் அதே கூடம் இன்னொரு கேள்வியை எடுத்தது. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் காலையில் நின்றால் மல்லி, பிச்சி, சம்பங்கி, கேந்தி, மரிக்கொழுந்து எல்லாம் சேர்ந்து ஒரே மணமாக முகத்தில் அடிக்கும். அதற்குள் பிச்சி வந்திருக்கிறதா இல்லையா என்று மூக்கை வைத்தே சொல்ல முடியுமா? எலிகளுக்கு இதே பரீட்சையை வைத்தார்கள். பதினான்கு வரை வாசனைகள் கலந்த காற்றில், பழக்கிய ஒரு வாசனை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். எலிகள் ஆச்சரியப்படும் அளவுக்குத் தேறின. பின்னணி வாசனைகள் தூண்டும் குளோமெருலஸ்களும் தேடும் வாசனை தூண்டுபவையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தபோதுதான் தடுமாறின. அதற்குப் பிறகு விக்ராந்த் கபூரும் மற்றவர்களும், மூளையின் அடித்தண்டிலிருந்து செரட்டோனின் என்ற ரசாயனத்தை அனுப்பும் நியூரான்களை ஒளியால் தூண்டி, வாசனைக் குமிழின் இருவகைச் செல்களும் அதற்கு வெவ்வேறு விதமாக மாறுவதைக் காட்டினார்கள்.

அண்மைக் காலத்தில் மூர்த்தி எறும்புகளையும் விட்டுவைக்கவில்லை. சென்னை ஐஐடியில் படித்த இன்னொருவரான எல். மகாதேவனுடன் சேர்ந்து, அடைத்துவைத்த எறும்புகள் கூட்டாகத் தோண்டி வெளியேறுவதையும், அதே விதிகளைக் கொடுத்தால் சிறு ரோபோக்களும் அப்படிச் செய்வதையும் 2022இல் வெளியிட்டார். குரங்கு, நியூரான் சந்திப்பு, எலி, எறும்பு என்று மாறிக்கொண்டே வந்தவரின் உள்ளே அந்தப் பழைய பொறியாளர் இன்னும் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

மூர்த்தி வாசனைக்குப் பயன்படுத்திய அதே ஆப்டோஜெனெடிக்ஸை நினைவாற்றலுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் பிரியா ராஜசேதுபதி. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் நடத்துகிறார். டைசெராத்திடம் இருந்தபோது, மூளையின் முன்பகுதியிலிருந்து நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதிக்கு நேராகப் போகும் ஒரு நரம்புப் பாதையைக் கண்டுபிடித்து, அதை ஒளியால் தூண்டினால் எலிக்குப் பழைய பயம் நினைவுக்கு வருவதை 2015இல் காட்டினார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

மனிதருக்கு எப்போது?

எலிக்கு நடப்பது மனிதருக்கு நடக்குமா என்பதுதான் நியாயமான கேள்வி. மண்டையோட்டைத் தாண்டி ஒளி உள்ளே போகாது. மூளைக்குள் மரபணுவை ஏற்ற வைரஸை ஊசியில் செலுத்த வேண்டும். ஆகவே ஒளி இயல்பாகவே உள்ளே புகும் ஒரே நரம்புத் திசுவில் இது முதலில் கைகூடியது. விழித்திரை.

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று ஒரு பரம்பரை நோய். விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். ஆனால் அதற்கு அடுத்த அடுக்கில், மூளைக்குச் செய்தி அனுப்பும் செல்கள் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். கேட்பாரில்லாமல் கிடக்கும் அந்தச் செல்களை எழுப்பினால் பார்வை வருமா என்பது நரம்புப் பொறியியலின் நீண்டகால முயற்சி. முதலில் மின்முனையால் முயன்றார்கள். ஆர்கஸ் 2 என்ற கருவி, 60 மின்முனைகளை விழித்திரையின்மேல் ஒட்டி, கண்ணாடியில் உள்ள கேமரா பார்ப்பதை மின்துடிப்பாக மாற்றிக் கொடுத்தது. 2013இல் அது அமெரிக்க அரசின் அனுமதியைப் பெற்றது. இதுபோன்ற செயற்கை விழித்திரைகளுக்கான சிப் வடிவமைப்பில் கலிஃபோர்னியாவில் பிஎச்.டி. செய்தவர் மோகனசங்கர் சிவப்பிரகாசம். அவர் பற்றிப் பிறகு. ஆர்கஸ் 2 கருவியைச் செய்த நிறுவனம் 2019இல் அதைக் கைவிட்டது. கண்ணில் பொருத்திக்கொண்டவர்கள் பழுதுபார்க்க ஆளில்லாமல், உதிரி பாகம் கிடைக்காமல் நின்றார்கள். உடலுக்குள் வைத்த கருவிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அன்று எழுந்தது. நம் நாட்டில் இத்தகைய கருவிகளை வடிவமைக்கவும் பராமரிக்கவும் தெரிந்தவர்கள் நம்மிடையே இருந்தாக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒளிவழியில் முதல் வெற்றி 2021இல் வெளியானது. ஐரோப்பாவில் ஜோஸ்-அலைன் சாஹெல், போட்டொண்ட் ரோஸ்கா ஆகியோர் தலைமையிலான குழு, 58 வயதான ஒருவரின் ஒரு கண்ணில் ஒளிப்புரத மரபணுவை ஊசியில் ஏற்றியது. நோய் தெரிந்து நாற்பது ஆண்டுகள் ஆனவர் அவர். சிறப்புக் கண்ணாடி ஒன்று காட்சியை ஆம்பர் நிற ஒளியாக மாற்றி விழித்திரையில் வீசும். செல்களில் புரதம் உருவாக மாதங்கள் ஆயின. அதற்குப் பிறகு பல மாதப் பயிற்சி. கடைசியில் மேஜையில் இருந்த நோட்டுப் புத்தகத்தைக் கை நீட்டித் தொட்டார். வைத்த டம்ளர்களை எண்ணினார். தெருவில் நடக்கையில் சாலை கடக்கும் இடத்தின் வெள்ளைக் கோடுகள் தெரிவதாகச் சொன்னார். முகம் தெரியவில்லை, எழுத்து தெரியவில்லை. இருளில் இருந்தவருக்குக் கோடு தெரிந்தது.

இந்தியாவில் பிறந்த சமரேந்திர மொகந்தி இணைந்து தொடங்கிய நானோஸ்கோப் நிறுவனம் இன்னொரு வழியில் போகிறது. கண்ணாடி தேவைப்படாமல் சாதாரண வெளிச்சத்துக்கே வேலைசெய்யும் புரதம் அவர்களுடையது. அதன் ஆரம்பகட்ட மனிதச் சோதனை இந்தியாவில் 11 பேரிடம் நடந்தது.

ஒளிப்புரத வழியில் ஒரு பெரிய வசதி உண்டு. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவை உண்டாக்கும் மரபணுக்கள் பல டஜன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து செய்வது மலைப்பான காரியம். ஒளிப்புரதத்துக்கோ எந்த மரபணு கெட்டது என்பது பொருட்டே இல்லை. செல் உயிரோடு இருந்தால் போதும்.

நம் பக்கத்து வீடுகளில்

இந்த நோய் உலக அளவில் சுமார் 4000 பேரில் ஒருவருக்கு வருகிறது. தென்னிந்தியாவில் அதைவிட அதிகம் என்று சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆய்வு சொல்கிறது. காரணங்களில் ஒன்று, நம் வீட்டுக் கல்யாணங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை. நாட்டிலேயே இது முன்னணியில் இருக்கும் எண். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று கட்டும்போது, குடும்பத்தில் மறைந்திருக்கும் ஒரே கோளாறு இருபக்கமும் வந்து சேர வாய்ப்பு கூடும். இருவரிடமும் அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. சொத்தும் சொந்தமும் பிரியக் கூடாது என்று செய்த ஏற்பாட்டுக்குள் இப்படி ஒரு விலை ஒளிந்திருந்தது நம் முன்னோருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

தொடக்க அறிகுறி பெரும்பாலும் இரவில்தான். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பொழுது இறங்கியதும் அம்மாவின் கையை விடாமல் பிடிக்கும் பிள்ளை, பகலில் நன்றாக ஓடியாடியிருக்கும். "மாலைக்கண்தான், முருங்கைக்கீரை கொடு" என்பார்கள். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அது நல்லது. பரம்பரை நோய்க்குக் கீரை போதாது. இரண்டையும் பிரித்துச் சொல்ல விழித்திரையைப் பார்க்கத் தெரிந்த டாக்டர் வேண்டும். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வேங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1988 முதல் திருநெல்வேலியிலும் இருக்கிறது. சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறினால் ஒரு பகலில் போய்த் திரும்பிவிடலாம்.

சிவப்பிரகாசம் பற்றிப் பிறகு சொல்வதாகச் சொன்னேன். செயற்கை விழித்திரைக்குச் சிப் வடிவமைத்த அந்த மின்பொறியாளர் சென்னை ஐஐடிக்கே ஆசிரியராகத் திரும்பி வந்தார். அங்கே ஹெல்த்கேர் டெக்னாலஜி இன்னோவேஷன் சென்டரை வழிநடத்தி, சங்கர நேத்ராலயாவுடன் சேர்ந்து கிராமத்துக்கே போய்க் கண் ஆபரேஷன் செய்யும் நடமாடும் வண்டியை உருவாக்கினார். 2022இல் அங்கே தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்துக்கும் அவரே தலைவர். அந்த மையம் 2024 டிசம்பரில், கருவிலிருந்த குழந்தைகளின் மூளைகளை 5132 நுண்சீவல்களாக எடுத்து, உயிரணு அளவு வரை தெரியும் வரைபடத்தை வெளியிட்டது. உலகில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பெயர் 'தரணி'. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள், இயந்திரம் தெரிந்தவர்கள், உடற்கூறு தெரிந்தவர்கள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததால் முடிந்த வேலை.

ஆக, குரூப் கேள்விக்கு என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கணக்கு எடுத்த பிள்ளை மூளைக்குப் போகலாம். சென்னை ஐஐடி 2023இல் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறையைத் தொடங்கி, மருத்துவ அறிவியலையும் பொறியியலையும் சேர்த்து நான்காண்டு பி.எஸ். படிப்பு வைத்திருக்கிறது. அதற்கு ஐசர் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், நீட் இல்லை. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பியல் மையத்திலும் உயிரியல் படிக்காத பொறியியல் பட்டதாரிகளை பிஎச்.டி.க்கு எடுக்கிறார்கள். ராஜபாளையத்திலும் திருநெல்வேலியிலும் மெக்கானிக்கல், இசிஇ படிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவர்களின் ஆசிரியர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் இரவில் தடுமாறும் பிள்ளை இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒளிப்புரத ஊசி நம் ஆஸ்பத்திரிகளில் வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை. கண் தெரியவைக்கிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் நகையை விற்றுப் போகாதீர்கள். விழித்திரை டாக்டரிடம் போங்கள். அண்ணன், தம்பி, தங்கையையும் கூடவே அழைத்துப் போய்ப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மரபணுப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு மருந்து, ஆர்பிஇ65 என்ற ஒரே ஒரு மரபணு கெட்டவர்களுக்கு மட்டும் உதவுகிறது. தன் பிள்ளைக்கு எது கெட்டது என்று எழுத்தில் வைத்திருக்கும் குடும்பம்தான், அடுத்த மருந்துச் சோதனை வரும்போது டாக்டரிடம் முதலில் பேச முடியும். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்து அந்த வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதும் அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.